செவிக்கருவி தெரிதல்

கல்லூரி மலரில் செய்யுட் சுவையையோ சான்றோர் வரலாற்றையோ எதிர்நோக்கும் அன்பர்கள், சில்லறைக் கடையொன்றில் எவ்வகை ஹெட்போன்களை வாங்கி வைத்தல் தகும் என்பதுபற்றி யாம் எழுதப் புகுவதைக் கண்டு நகுதல் கூடும். ஆயினும் பொருளைத் தெரிந்தெடுத்தல் என்பது தனக்கென வாங்குவார்க்கு ஒருவகையாகவும், பிறர்க்கென வாங்கி வைப்பார்க்கு வேறொரு வகையாகவும் அமைவதாம். தனக்கென வாங்குவோன் தன் செவியையும் தன் பணப்பையையும் நோக்கினாற் போதும். கடைக்காரனோ இன்னும் தன் படியேறாத நூறு பேருடைய செவியையும் பையையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் வேண்டும். சென்ற கோடை விடுமுறையில் இப்பணி எம்பால் வந்து சேர்ந்தமையின், அதன்கண் யாம் அறிந்தவற்றை ஈண்டு ஒருவாறு எடுத்துரைப்பாம்.

எம் சிற்றப்பனார் பாளையங்கோட்டையில் கைப்பேசி உதிரிப் பொருள்கள் விற்கும் சிறுகடை வைத்துள்ளார். சார்ஜர், உறை, கண்ணாடி ஒட்டுதல், ரீசார்ஜ் ஆகியவற்றாலேயே அக்கடை நடந்துவந்தது. ஹெட்போன் வகைகளைப் பெருக்கினால் வருவாய் உயரும் எனக் கருதிச் சிற்றன்னையார் தம் மகளிர் சுயஉதவிக் குழுவின் வாயிலாக 40,000 ரூபாய் கடன் பெற்றுத் தந்தார். அதற்கு மாதந்தோறும் தவணை கட்டியாக வேண்டும். "ஐயா, நீ படித்த பிள்ளை; இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதைக் காதில் மாட்டுகிறார்கள் என்று உனக்குத்தான் தெரியும்; ஒரு பட்டியல் போட்டுத் தா" என்றார் சிற்றப்பனார். இலக்கணம் பயில்வார்க்கு இவ்வேலை புதிதேயாயினும், அது சிற்றன்னையார் தம் பெயரில் கையெழுத்திட்டு வாங்கிய பணம் என்னும் நினைவு எம்மை விளையாட்டாக இருக்கவொட்டவில்லை.

முதற்கண் பெயர்பற்றி ஒரு சொல். இக்கருவியைச் செவிக்கருவி என யாம் தலைப்பிட்டோமெனினும், அப்பெயரால் கேட்டு வந்தார் ஒருவரையும் கடையிற் கண்டிலேம். காதினுள் செருகுவதும், காதின்மேல் கவிப்பதும், கழுத்தில் மாலைபோற் கிடப்பதும் ஆகிய அனைத்தையும் எம் நாட்டார் 'ஹெட்செட்' என்னும் ஒரு சொல்லாலேயே வழங்குகின்றனர். ஆகவே 'யாருக்கு, எதற்கு' என்று வினவாமல் எடுத்துக் கொடுத்தல் இயலாது. இவ்வினாவே பின்னர் எம் ஆராய்ச்சிக்கு அடிப்படையாயிற்று.

இக்கருவியின் வரலாறு சுவையுடையது. அமெரிக்காவின் யூட்டா நாட்டினரான நத்தானியல் பால்டுவின் என்பார் தம் வீட்டுச் சமையலறையில் உருவாக்கிய ஹெட்போன்களை 1910இல் அந்நாட்டுக் கடற்படை வாங்கத் தொடங்கிற்று. இசை கேட்டு இன்புறுதற்கென ஈரொலி ஹெட்போனை 1958இல் ஜான் காஸ் என்பார் வெளியிட்டார். 1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மன் வந்தபின் இது தெருவில் நடப்போர் தலையிலும் ஏறிற்று. 2016இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசியினின்றும் 3.5 மில்லிமீட்டர் துளையை நீக்கியது. பிறரும் மெல்ல மெல்ல அவ்வழிச் சென்றனர். இவ்வொரு துளை அடைபட்டதனால் உலகெங்கணுமுள்ள சிறுகடைக்காரர் மூவகைச் சரக்கு வைக்க வேண்டியவராயினர்: பழைய துளைக்குரிய கம்பி வகை, டைப்-சி துளைக்குரிய கம்பி வகை, புளூடூத் என்னும் கம்பியில்லா வகை.

யாம் ஒரு கிழமை முழுதும் கடையில் அமர்ந்து, வருவோர் கேட்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தோம். ஆட்டோ ஓட்டுநரும், வீடுதோறும் உணவு கொண்டு செல்லும் இளைஞரும், வளைகுடா நாட்டிலுள்ள மகனோடு பேசும் தாய்மாரும் இசையைப் பொருட்படுத்திலர். தம் குரல் எதிர்முனையில் தெளிவாகக் கேட்குமா என்பதே அவர்தம் கவலை. இவர்க்கு ஒலிவாங்கியே தலையாய உறுப்பு. கம்பி வகையில் இதனை அறிதல் எளிது: செருகுமுனையில் மூன்று கரும்பட்டைகள் இருப்பின் ஒலிவாங்கிக்கு இடமுண்டு, இரண்டே இருப்பின் இல்லை. ஒலிவாங்கி நன்றா என்பதை மட்டும் அட்டைப்பெட்டி அறிவியாது. ஆதலின் ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு, மின்விசிறியடியில் நின்றும், பேருந்து செல்லும் சாலையோரத்தில் நின்றும் சிற்றன்னையாரை அழைத்துப் பேசினோம். அவர் "கேட்கவில்லை" என்று இருமுறை கூறியவற்றை விலக்கினோம்.

அடுத்து வந்தவர் பார்வையற்ற கல்லூரி மாணவர் இருவர். கைப்பேசித் திரையில் உள்ளவற்றைக் குரலாகப் படித்துக் காட்டும் செயலியின் துணைகொண்டே அவர்கள் பாடம் பயில்கின்றனர். விரலால் தொட்டவுடன் சொல் கேட்க வேண்டும். புளூடூத்திலோ ஒலி சுருக்கி அனுப்பப்பெற்று மீண்டும் விரிக்கப்படுதலின், நொடியின் பத்திலொரு பங்கும் அதனினும் மிகுதியும் காலந்தாழ்த்தே செவியை அடைகின்றது. பாட்டுக் கேட்பார்க்கு இத்தாழ்வு புலப்படாது; விரலுக்கும் செவிக்கும் இடையே வாழ்வார்க்கோ பெருந்தடையாம். கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரை மனப்பாடம் செய்த எமக்கு, கேள்வியாலேயே கற்பார்க்கு வேண்டுவது எது என்பது அன்றுதான் விளங்கிற்று. ஆலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஒருவருக்கும் இதே குறை உண்டு: கட்டையை அழுத்தியபின் சுரம் காலந்தாழ்த்து வருமாயின் வாசித்தல் கூடாது. அவர் கருவியின் துளையோ 6.35 மில்லிமீட்டர் அளவினது. அதற்குரிய சிறு இணைப்பான் இருந்தாலன்றி அவர் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். கம்பி வகை பழமையாயிற்று எனப் பலர் கூறுவதை நம்பி அதனை ஒதுக்கியிருப்போமாயின், இன்றியமையாத் தேவை உடையார்க்கே கதவடைத்தவராயிருப்போம்.

நிற்க. பெட்டியின்மேல் அச்சிடப்பெறும் எண்களைப்பற்றியும் கூற வேண்டும். '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்னும் தொடர் ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளிலும் காணப்படுவது. அது மனிதச் செவியின் எல்லையைக் குறிப்பதேயன்றிக் கருவியின் இனிமையைக் குறிப்பதன்று. உள்ளிருக்கும் ஒலிப்பானின் விட்டம் பெரிதாதலும் தரத்திற்குச் சான்றாகாது. மற்று, ஓம் என்னும் மின்தடை அளவு பயனுடையது: 16 முதல் 32 ஓம் வரை உள்ளவை கைப்பேசிக்கு இசையும், ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென ஆக்கப்பெறும் 250 ஓம் கருவிகள் கைப்பேசியில் மெலிந்தே ஒலிக்கும். 'ஐபிஎக்ஸ்4' என்னும் குறி எத்திசையினின்று தெறிக்கும் நீரையும் தாங்கும் என்பதாம். எம் ஊர் வெயிலில் வியர்ப்பார்க்கு இது வேண்டற்பாலதே. டைப்-சி வகையில் எண்ணொலியை அலையொலியாக மாற்றும் சில்லு உள்ளே இல்லையாயின் சில கைப்பேசிகளில் அது வாய் திறவாது. ஆதலின் சில்லுடையதையே கொள்க. கம்பியில்லாதவற்றின் மின்கலம் விற்காது கிடந்தாலும் முதுமை எய்தும். அவற்றை மூட்டையாக வாங்கி அடுக்குதல் தகாது.

இனி, செவியின் நலம். செவிப்புலன் குன்றிய பிள்ளைகளுக்கென ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் பெயரால் விளங்கும் பள்ளி எம் நகரில் உள்ளது. மாலையில் அப்பிள்ளைகள் கைகளால் உரையாடிக்கொண்டு கடை முன்னே செல்வர். அவர்தம் செவி இக்கருவிகளால் கெட்டதன்று. எனினும் அவர்களைக் கண்டுகொண்டே இக்கருவிகளை விற்பவன் செவியின் அருமையை எண்ணாதிருத்தல் அரிது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018இல் கூடி வகுத்த நெறியின்படி, வளர்ந்தோர் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். சிறார்க்கு அவ்வளவு நேரத்திற்கு 75 டெசிபலே எல்லை. 3 டெசிபல் ஏறுந்தோறும் ஒலியாற்றல் இருமடங்காதலின் நேரம் பாதியாகக் குறையும்: 83 எனின் 20 மணி, 86 எனின் 10 மணி, 89 எனின் 5 மணி. உட்செவியிலுள்ள மயிரணுக்கள் அழிந்தால் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. சிறுவர்க்கெனச் செய்யப்பெற்று '85 டெசிபலுக்கு மேற்போகாது' என எழுதப்பெற்ற ஹெட்போன்கள் உண்டு. அவையும் நாள் முழுதும் கேட்டற்குரியன அல்ல. மேற்கூறிய கணக்கின்படி 85 டெசிபல் வாரத்திற்கு ஏறக்குறைய 4 மணி நேரத்திற்கே பொருந்தும். இன்னுமொன்று: காதில் செருகும் ரப்பர் முனை அளவாகப் பொருந்தாவிடின் புறவொலி உட்புகும், அதனை அடக்கக் கேட்போர் ஒலியை உயர்த்துவர். ஆகவே மூன்றளவு முனைகளையும் தனியே வாங்கி வைத்தல் மலிவான அறமாம்.

இவ்வளவும் எண்ணிக்கொண்டு சிற்றப்பனாருடன் சென்னை ரிச்சி தெருவிற்குச் சென்றோம். ஆங்கு மொத்த வணிகர் ஒருவர், புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரும் குறியும் பொறித்த போலிகளை எம்முன் பரப்பினார். ஒன்று 150 ரூபாய். 500 ரூபாய்க்குத் தயக்கமின்றி விற்கலாம் என்றார். சிற்றப்பனார் நெடுநேரம் அதனைக் கையில் வைத்துப் பார்த்திருந்தார். "நான் வைக்காவிட்டால் அடுத்த கடைக்காரன் வைப்பான், தவணையை யார் கட்டுவது?" என்று அவர் கேட்டதில் பொருள் இல்லாமலில்லை. வணிகக் குறியைப் பொய்யாக இட்ட சரக்கை விற்றல் 1999ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம் என்பதை யாம் கூறினோம். அஃது அவரை அசைத்ததாகத் தோன்றவில்லை. பின்னர், "சித்தப்பா, கம்பி அறுந்து திரும்பி வருகிறவன் அந்தக் கம்பெனியைத் தேடிப் போகமாட்டான், உங்களைத்தான் தேடி வருவான். அடுத்த தெருவில் இருக்கிறவர்தானே?" என்றோம். அவர் ஒன்றும் கூறாமல் அதனைப் பெட்டியில் இட்டு மூடினார். ஏழைக்கு மலிவு வேண்டும் என்பது மெய். மலிவிற்குப் பொய்ப்பெயர் வேண்டும் என்பது மெய்யன்று. இறக்குமதியாளர் பெயரும், முகவரியும், அதிகபட்ச விலையும் முறையாக அச்சிட்ட, புகழில்லாத மலிவுச் சரக்கு அதே தெருவில் கிடைத்தது. அதில் ஆதாயம் குறைவே.

முடிவிற் கொண்ட சரக்கு வருமாறு: பழைய துளைக்குரிய கம்பி வகை 120 ரூபாய் வீதம் 50, டைப்-சி வகை 250 வீதம் 24, கழுத்துப் பட்டை வகை 700 வீதம் 15, தனித்தனிக் கம்பியில்லா இணை 900 வீதம் 10, காதின்மேற் கவியும் கம்பி வகை 600 வீதம் 5, சிறுவர்க்குரியவை 500 வீதம் 4, இணைப்பான்களுக்கு 1,000, ரப்பர் முனைகளுக்கு 500. ஆக 38,000 ரூபாய். எஞ்சிய 2,000 ரூபாயைப் பழுதெனத் திரும்பி வருவனவற்றிற்கு மாற்றுக் கொடுக்கவென ஒதுக்கினோம். கம்பியில்லா இணைகளை இணையவழி வணிகர் பெருந்தள்ளுபடியில் விற்றலின் அவற்றைப் பத்தோடு நிறுத்தினோம்.

இரண்டு திங்கள் கழிந்தபின் சிற்றப்பனார் கணக்குக் கூறினார். மலிவுக் கம்பி வகையில் 41 போயின. கழுத்துப் பட்டையில் 11. கம்பியில்லா இணையில் 3. காதின்மேற் கவிவன ஐந்தும் போயின. அவ்வைந்தில் இரண்டினை அப்பார்வையற்ற மாணவரும், ஒன்றினைக் கீபோர்டு அண்ணனும் கொண்டனர். இரு தவணைகளும் நாள் தவறாமல் கட்டப்பட்டன. சிறுவர்க்குரியவற்றில் ஒன்றே விற்றது. எஞ்சிய மூன்றையும் திருப்பி அனுப்பி வேறு சரக்கு மாற்றிக்கொள்ளலாமே என யாம் கேட்டபோது, "கிடக்கட்டும் ஐயா, பிள்ளைக்கு வாங்க வருகிறவர்களிடம் அதைக் காட்டித்தான் சத்தத்தைப் பற்றிப் பேச்சை ஆரம்பிக்கிறேன்" என்றார்.

கடை வைத்திருக்கும் குடும்பத்தினின்று வந்து பயிலும் நண்பர் எம் கல்லூரியில் பலர் உளர். விடுமுறையில் அவர்கள் கல்லாவருகே ஒரு கிழமை அமர்ந்து, வருவோர் கேட்பதை எழுதிப் பார்ப்பாராக. விலைப்பட்டியல் அறிவிக்காத பலவற்றை அக்குறிப்பேடு அறிவிக்கும்.