தெருச் சேறு

வீதிப்பனி அகற்றப்பெறாமல் மேனாட்டு நகரத்தார் வழுக்கி விழுந்து இடர்ப்படுவதைப் படித்தபொழுது, எங்கள் தெருவே என் நினைவிற்கு வந்தது. சேலத்தில் பனிக்கட்டி ஏது? ஐப்பசி, கார்த்திகை மழை விட்டுச்செல்லும் சேறே உண்டு. சேர்வராயன் மலைச்சாரலில் தோன்றும் திருமணிமுத்தாறு இந்நகரினூடே பாய்ந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியை அடைகின்றது. ஆகவே மழைநீர் வடிய ஆறு உண்டு. ஆற்றிற்குச் செல்லும் சாக்கடையன்றோ அடைபட்டுக் கிடந்தது!

சென்ற கார்த்திகையில் பால் வாங்கச் சென்ற அண்டைவீட்டுப் பாட்டி, எங்கள் வாயிற்சேற்றில் வழுக்கி வீழ்ந்து கையொடிந்தார். மறுநாள், சேற்றை வாராதவர்களை வைதுகொண்டே மண்வெட்டியை எடுத்தேன். சாக்கடையினின்று முதலில் வெளிவந்தது, யான் நாள்தோறும் பெருக்கித் தள்ளிய குப்பையே. என் வாய் அடங்கிற்று. கட்டிட்ட கையுடன் வந்து நின்ற பாட்டி, “அடைப்பு விட்டதா, கண்ணு?” என்றார். மறுமொழி கூற நாவெழவில்லை.

நண்பர்களே, பிறரைப் பழிக்குமுன் நம் துடைப்பம் செல்லும் திசையை நோக்குவோமாக.