காட்ஜில்லா போன ரூட்!

டோக்கியோ போற சான்ஸ் கிடைச்சா கோயில், செர்ரிப் பூ எல்லாம் அப்புறம். முதல்ல கின்ஸா நாற்சந்தியில போய் நில்லுங்க. எதிரே உச்சியில கடிகாரத்தோட ஒரு கட்டடம். வாகோ கடை இருக்கற கட்டடம், 1932-ல கட்டினது. 1954-ல வந்த முதல் 'காட்ஜில்லா' படத்துல, அந்த ராட்சஸ ஜந்து பிய்ச்சு எறியறது இதைத்தான். அந்த வருஷம் மார்ச்சுல, பிகினி தீவில் அமெரிக்கா வெடிச்ச ஹைட்ரஜன் குண்டோட சாம்பல் ஜப்பான் மீன்பிடிப் படகு ஒண்ணு மேல விழுந்திருந்தது. அதனால படம் செம சீரியஸ்.

அடுத்து டோக்கியோ டவர். 1958-ல டி.வி. ஒளிபரப்புக்காகக் கட்டினது, 333 மீட்டர். அப்போ ஜப்பான் குடும்பங்களோட கனவே மூணுதான்: டி.வி., வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ். 1960-ல பிரதமர் இகேடா 'பத்து வருஷத்துல வருமானம் டபுள்' திட்டம் போட்டார். அடுத்த வருஷமே 'மோத்ரா' படத்துல ஒரு புழு அந்த டவரைச் சாய்ச்சு அதிலேயே கூடு கட்டிருச்சு!

1962-ல கிங்காங் காட்ஜில்லாவோட மோதினது எதுக்குத் தெரியுமா? ஒரு மருந்து கம்பெனி விளம்பர அதிகாரி, தான் ஸ்பான்ஸர் பண்ற நிகழ்ச்சிக்கு ரேட்டிங் இல்லைன்னு தீவுல இருந்து கிங்காங்கைக் கட்டி இழுத்துட்டு வர்றார். ரியாலிட்டி ஷோவுக்கெல்லாம் இவர்தான் தாத்தா.

என் ஃபேவரைட், 1964-ல இஷிரோ ஹோண்டா இயக்கிய 'மோத்ரா வெர்சஸ் காட்ஜில்லா'. புயலுக்கு அப்புறம் கரை ஒதுங்குது ஒரு பிரமாண்ட முட்டை. மீனவர்கள்கிட்ட இருந்து அதைக் கோழிமுட்டைக் கணக்குல விலைபேசி வாங்கிடறார் ஒரு வியாபாரி. சுத்தி பொழுதுபோக்குப் பூங்கா கட்டி டிக்கெட் போடணும்! முட்டைக்குச் சொந்தக்காரங்க வந்து கெஞ்சியும் தர்றதில்லை. அப்புறம் காட்ஜில்லா எங்கே இருந்து எழுந்து வருதுங்கிறீங்க? தொழிற்சாலைக்காக மேடாக்கிட்டிருந்த நிலத்துச் சேத்துல இருந்து. அது ஹோட்டலை நெருங்கற நேரத்திலயும் வியாபாரியும் பார்ட்னரும் பணத்துக்காக உள்ளே அடிச்சுக்கறாங்க, பாஸ். ஒலிம்பிக்ஸும் புல்லட் ரயிலும் வந்த அதே வருஷத்துல இப்படி ஒரு படம் எடுக்கத் தில்லு வேணும்.

ஷிஞ்சுகுவில் 243 மீட்டர் அரசு அலுவலகக் கட்டடம் 1991-ல திறந்தாச்சு. அந்த வருஷக் கடைசியிலயே படத்துல காலி. 1954-ல 50 மீட்டரா இருந்த காட்ஜில்லா அதுக்குள்ள 100 மீட்டர். பின்னே? இந்தக் கட்டடங்கள் பக்கத்துல பழைய சைஸ்ல நின்னா பல்லி மாதிரி தெரியுமே! கதையில, ஜப்பான் ஓவர் பணக்கார நாடாயிடும்னு எதிர்காலத்து ஆளுங்க அழிக்க வர்றாங்க. நிஜத்துல அப்போ பங்குச்சந்தை ஏற்கெனவே சரிஞ்சிட்டிருந்தது.

கடைசி ஸ்டாப், கபுகிச்சோ. 2015-ல ஒரு தியேட்டர் கட்டடத்து மேல காட்ஜில்லா தலையை வெச்சுட்டாங்க. அங்கேயே ஒரு ஹோட்டல். ஜன்னல்ல காட்ஜில்லா தெரியற ரூம்னே தனியா விக்கறாங்க!