மார்பிட் – நோயில் பிறந்த ஒரு சொல்

ஆங்கிலப் படங்களில் அடிக்கடி காதில் விழும் சொல் 'மார்பிட்'. ஒருவர் சாவு, கல்லறை என்றே பேசிக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவர், "ஏன் இப்படி மார்பிடாகப் பேசுகிறாய்?" என்று வாயை அடைத்துவிடுவார்.

சாவுப் பேச்சில் வருவதால் இது மரணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று பலர் நினைப்பதுண்டு. ஆனால் மூலம் வேறு. லத்தீன் மொழியில் 'மோர்பஸ்' என்றால் நோய். 'மோர்பிடஸ்' என்றால் நோயுற்ற. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அது உடல்நோயைச் சொல்லும் சொல்லாகத்தான் இருந்தது. 1793ல் லண்டன் மருத்துவர் மேத்யூ பெய்லி 'மார்பிட் அனாடமி' பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் சோகம் எதுவும் இல்லை. நோய் தாக்கிய உடல் உறுப்புகள் எப்படி மாறிப்போகின்றன என்பதுதான் விஷயம். கொரோனா காலத்தில் தினமும் கேட்ட 'இணை நோய்' கூட ஆங்கிலத்தில் 'கோமார்பிடிட்டி'தான்.

இதில் ஒரு வேடிக்கை. இத்தாலியில் அதே சொல் 'மோர்பிதோ' ஆகி, 'மென்மையான' என்று பொருள் மாறிவிட்டது. துணியை மிருதுவாக்கும் திரவத்துக்கும் அங்கே இதிலிருந்துதான் பெயர்!

ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் உடலிலிருந்து மனதுக்குத் தாவியது. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. ஒருவரின் சோகத்தை மார்பிட் என்று சொன்னால், 'உன் சோகம் ஒரு நோய்' என்று தீர்ப்பு எழுதுவதாகிறது. அந்தத் தீர்ப்பைச் சொல்ல நாம் யார்?

மருத்துவர்களுக்கே இது சுலபமில்லை. 2022ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'நீடித்த துக்கம்' ஒரு நோயாக இடம்பெற்றது. அப்படிச் சொல்ல, இழப்புக்குப் பின் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையும் முடங்கியிருக்க வேண்டும். அதே ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பெரியவர்களுக்கு வைத்த கெடு 12 மாதம். கோடு எங்கே என்பதில் இரண்டுமே ஒத்துப்போகவில்லை.

தமிழில் நோய்க்குப் 'பிணி' என்றும் பெயர். பிணித்தல் என்றால் கட்டுதல். இறந்தவரை நினைத்து அழுவது நோயல்ல. எழ முடியாதபடி அந்தத் துக்கம் ஆளையே கட்டிப்போட்டால்தான் பிணி. அப்போதும் அவருக்குத் தேவை கட்டை அவிழ்க்க உதவும் ஒரு கை. 'மார்பிட்' என்ற பட்டம் அல்ல.