பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்ட அந்த ஒரு சி.டி.

ஒரே நாடகம். எனக்குத் தெரிந்தே அதற்கு ஆறு ரெக்கார்டிங் இருக்கிறது. பாட்டிக்கு வேண்டியது அதில் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றுதான் கடையில் இல்லை.

பாட்டி என்றால் எங்கள் சொந்தப் பாட்டி இல்லை. நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் அமெரிக்கப் பெண்மணி. இப்போது 84 வயது. நானும் கணவரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கும் என் இரண்டு பிள்ளைகளையும் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டவர். பணம் கொடுத்தால் வாங்க மாட்டார். தயிர்சாதமும் மாவடுவும் கொடுத்தால் டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுப்பார். பிள்ளைகள் 'பாட்டி' என்று கூப்பிட, அந்தத் தெரு முழுக்க அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. தபால்காரர் வரைக்கும் பாட்டிதான்.

2021 செப்டம்பர் 1 ராத்திரி, ஐடா புயலின் மிச்சம் எங்கள் பக்கம் கொட்டித் தீர்த்தது. பாட்டி வீட்டு பேஸ்மென்ட்டில் இடுப்பளவு தண்ணீர். சாக்கடையும் கலந்த தண்ணீர். அங்கேதான் அவருடைய மறைந்த கணவர் சேர்த்து வைத்திருந்த எல்.பி.க்களும் சி.டி.க்களும் இருந்தன. எல்லாமே மேடை மியூசிக்கல்கள். அட்டைகள் ஊறி, நமுத்த அப்பளம் மாதிரி கையோடு வந்தன. கையுறை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கறுப்புப் பைகளில் கட்டித் தெருவோரம் வைத்தோம். பாட்டி அழவில்லை. "அவருக்கு ரொம்பக் கோபம் வந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

சில மாதம் கழித்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் கேட்டார்: "எனக்கு ஒண்ணே ஒண்ணு தேடித் தர முடியுமா? ஃபாலிஸ். பேப்பர் மில் நடிகர்கள் பாடினது."

இதில் என்ன கஷ்டம், ஸ்பீக்கரிடம் சொன்னால் பாடப்போகிறது என்று என் மகள் உடனே சொல்லிப் பார்த்தாள். அது ஃபாலிஸ் பாடியது. பாட்டி இரண்டு வரி கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "இது 2011. வேற ஆளுங்க."

இங்கே கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். மியூசிக்கல் என்பது வசனமும் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த மேடை நாடகம். நம் ஊர்த் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' வருடா வருடம் நடக்கும், ராஜபார்ட் மாறிக்கொண்டே இருப்பார் இல்லையா? இந்த ஊரில் காலம் கழித்து வேறு நடிகர்களை வைத்துப் பழைய நாடகத்தை மறுபடி மேடையேற்றுவதற்கு ரிவைவல் என்று பெயர். அந்த நடிகர்களே ஸ்டுடியோவுக்குப் போய்ப் பாடிப் பதிவு செய்தால் அது காஸ்ட் ரெக்கார்டிங். 1943-ல் டெக்கா கம்பெனி 'ஓக்லஹோமா' நாடகத்தை அதன் நடிகர்களையும் ஆர்கெஸ்ட்ராவையும் வைத்தே 78 ஆர்.பி.எம். தட்டுகளில் வெளியிட்டு நன்றாக விற்ற பிறகு இது வழக்கமாகிவிட்டது.

முதல் மேடையேற்றத்தைப் பதிவு செய்யப் போட்டி இருக்கும். ரிவைவல் என்றால் கம்பெனிகள் யோசிக்கும். "அதுதான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே" என்பார்கள். செலவும் கொஞ்சமில்லை. நடிகர் சங்க விதிப்படி, ஒரு நாள் ரெக்கார்டிங்குக்கு ஒரு வாரச் சம்பளம் தர வேண்டும். அதனால் முழு நாடகத்தையும் பெரும்பாலும் ஒரே நாளில், நாடகம் இல்லாத விடுமுறை நாளில் பாடி முடிப்பார்கள். 1970-ல் 'கம்பெனி' நாடகத்துக்கு இப்படி ராத்திரி முழுக்க நடந்த பதிவை ஒரு டாக்குமென்டரியாகவே எடுத்திருக்கிறார்கள். விடியற்காலையில் எலெய்ன் ஸ்ட்ரிட்ச் என்ற நடிகை ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடித் தொண்டை கட்டித் தவிப்பதைப் பார்த்தால் நமக்கே தண்ணீர் கொடுக்கலாமா என்று தோன்றும். எனக்கு அந்த அவசரம்தான் பிடிக்கிறது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும்.

அப்படிச் செலவு செய்து பதிவானாலும், மேடையில் பாடியவரே தட்டிலும் பாடுவார் என்பது நிச்சயமில்லை. 'பால் ஜோயி' என்ற பழைய நாடகத்தை 1952-ல் மறுபடி மேடையேற்றினார்கள். அதை கேபிடல் கம்பெனி பதிவு செய்தது. ஆனால் நாயகன் ஹரால்ட் லாங், நாயகி விவியென் சீகல் இருவரும் கொலம்பியா கம்பெனிக்குக் கட்டுப்பட்டவர்கள். அதனால் அந்தத் தட்டில் மற்ற எல்லோரும் இருக்கிறார்கள், அவர்கள் இருவருக்கும் பதில் வேறு இருவர் பாடியிருக்கிறார்கள். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் வேறு ஆள் என்பது போல.

ஃபாலிஸ் கதைக்கு வருகிறேன். ஒரு பழைய தியேட்டரை இடிக்கப் போகிறார்கள். அதற்கு முந்தின ராத்திரி, ஒரு காலத்தில் அங்கே ஆடிய பெண்கள், இப்போது வயதானவர்கள், கடைசியாக ஒன்றுகூடுகிறார்கள். அவர்களுடைய இளமைக்கால உருவங்கள் அதே மேடையில் ஆவிபோல நடமாடுகின்றன. பாட்டும் இசையும் ஸ்டீபன் சோண்ட்ஹைம். 1971-ல் பிராட்வேயில் வந்து 522 முறை நடந்தது. அன்றைக்கு அதைப் பதிவு செய்த கம்பெனி ஒரே எல்.பி.யில் அடக்கப் பார்த்துச் சில பாட்டை வெட்டியது, சிலதை விட்டே விட்டது. ரசிகர்களுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று எந்த ரெக்கார்டு கடைக்காரரிடம் பேசினாலும் தெரியும்.

அந்தக் குறை தீர வந்தது 1985-ல் நியூயார்க் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு நடந்த கச்சேரிப் பதிவு. 1987-ல் லண்டனில் சில புதுப் பாட்டோடு ஒன்று. 1998-ல் எங்கள் நியூ ஜெர்சி மில்பர்ன் ஊரில் பேப்பர் மில் பிளேஹவுஸ் அதை மேடையேற்றியபோது, டி.வி.டி. ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனி (இது நாம் படம் பார்க்கும் டி.வி.டி. இல்லை!) இரண்டு சி.டி.யில் முழுசாகப் பதிவு செய்தது. முன்பு நாடகத்திலிருந்து நீக்கப்பட்ட பாட்டுகளையும் கடைசியில் சேர்த்தார்கள். அந்த கம்பெனி 2008-ல் திவாலாகிவிட்டது. சி.டி. அச்சிலிருந்து போய்விட்டது. பிறகு 2011-ல் பிராட்வே, 2017-ல் லண்டன் நேஷனல் தியேட்டர் என்று புதுசு புதுசாக வந்தன.

"பாட்டி, லண்டன் ரெக்கார்டிங் இன்னும் நல்லா இருக்குன்னு சொல்றாங்களே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவங்க நல்லாதான் பாடறாங்க. ஆனா நாங்க போனது மில்பர்னுக்கு" என்றார்.

1998-ல் அவரும் கணவரும் கல்யாண நாளன்று போய்ப் பார்த்த நாடகம் அது. வீட்டிலிருந்து இருபது நிமிட டிரைவ். திரும்பி வரும்போது கணவர் வழியெல்லாம் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டே வந்தாராம். சி.டி. வந்ததும் வாங்கி, அதைக் கேட்டுப் பாட்டைத் திருத்திக்கொண்டாராம்.

தேட ஆரம்பித்தேன். இப்படிப்பட்டதைத் தேடப் போகும் கடைகளே இப்போது குறைவு. பிராட்வேயில் கலனி என்று புகழ்பெற்ற இசைக்கடை இருந்தது, 2012-ல் மூடிவிட்டார்கள். லண்டனில் மியூசிக்கலுக்கென்றே டிரஸ் சர்க்கிள் என்ற கடை இருந்தது, அதுவும் 2012-ல் போய்விட்டது. நியூயார்க் லிங்கன் சென்டரில் நாடகக் கலைகளுக்கென்றே பொது நூலகம் இருக்கிறது. பழைய ஒலிப்பதிவுகளின் பெரிய களஞ்சியம் அங்கே. ஆனால் 84 வயதில் ரயில் ஏறி நியூயார்க் போய் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ள பாட்டி தயாராக இல்லை. அவருக்கு அது வீட்டில் வேண்டும்.

ஆன்லைனில் ஒருவர் 'ஃபாலிஸ், முழுப் பதிவு, இரண்டு சி.டி.' என்று போட்டிருந்தார். 60 டாலர். படம் மங்கலாக இருந்ததால், வெளியிட்ட கம்பெனி எது என்று முதலிலேயே எழுதிக் கேட்டேன். சரியானதுதான் என்றார். வந்து சேர்ந்தது 1985 கச்சேரி. அதுவும் இரண்டு சி.டி.தான், மீதி இடத்தில் சோண்ட்ஹைம் 'ஸ்தவிஸ்கி' என்ற பிரெஞ்சுப் படத்துக்குப் போட்ட இசை இருக்கும். பணத்தைத் திருப்பி வாங்க ஆறு வாரம் ஆனது. இன்னொருவர் அனுப்பிய பெட்டியில் முதல் சி.டி. மட்டும் இருந்தது. இரண்டாவது எங்கே என்றால், "அது எப்பவுமே இல்லையே" என்று பதில்!

அதன் பிறகு சனிக்கிழமைகளில் நேரில் போய்த் தேடுவது என்று முடிவு செய்தேன். பழைய சாமான் கடைகள், நூலகங்களின் பழைய புத்தக விற்பனை, எஸ்டேட் சேல். கடைசியாகச் சொன்னது, ஒருவர் இறந்துபோனாலோ முதியோர் இல்லத்துக்குப் போனாலோ வீட்டிலுள்ளதை எல்லாம் விலை ஒட்டி விற்பது. முதல் தடவை எனக்கு உள்ளே நுழையவே கூச்சமாக இருந்தது. யாரோ ஒருவரின் சமையலறையில் கரண்டி வரைக்கும் ஸ்டிக்கர். ஆனால் அரிய ரெக்கார்டுகள் வெளியே வருவது இப்படித்தான். சேர்த்தவர் உயிரோடு இருக்கும்வரை கொடுக்க மாட்டார்.

தேடப் போனதில் வேறு எதையெல்லாமோ வாங்கினேன். 1976-ல் முழுக்கக் கறுப்பின நடிகர்களை வைத்து மேடையேற்றிய 'கைஸ் அண்ட் டால்ஸ்' எல்.பி., மோடவுன் கம்பெனி வெளியிட்டது. கேட்டால் வேறு நாடகமோ என்று தோன்றும் அளவுக்கு சோல் இசை. நம்ம ஏ.ஆர்.ரஹ்மானின் 'பாம்பே ட்ரீம்ஸ்', 2002 லண்டன் நடிகர்கள் பாடியது, ஒரே ஒரு டாலருக்கு. கணவர் ஷெல்ஃபைப் பார்த்துவிட்டு, "பாட்டிக்குத் தேடறியா, உனக்குத் தேடறியா?" என்றார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் காபி போடப் போனேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, போன வசந்த காலத்தில், அரை மணி நேரத் தூரத்தில் ஒரு எஸ்டேட் சேலில் கிடைத்தது. ஷூ டப்பாவில், வரிக் கணக்குப் புத்தகங்களுக்குக் கீழே. இரண்டு சி.டி.யும் இருக்கிறதா என்று அங்கேயே திறந்து பார்த்தேன். இருந்தது. புத்தகத்தின் மேலட்டையில் காபி டம்ளர் வட்டம். விலை 2 டாலர். விற்ற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். "இதையெல்லாம் இன்னும் யார் கேக்கறாங்க?" என்றாள். சொன்னேன். அப்பாவுடையது என்றாள். அப்புறம் பக்கத்திலிருந்த இன்னும் நான்கு சி.டி.யை எடுத்து, காசு வேண்டாம் என்று என் பையில் போட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த சிக்கல். போடுவதற்குக் கருவி இல்லை. பாட்டியின் பிளேயர் வெள்ளத்தோடு போய்விட்டது. எங்கள் லேப்டாப் எதிலும் சி.டி. போடும் இடமே கிடையாது. மகன்தான் சொன்னான், "நம்ம பழைய கேம்ரியில இருக்கே."

ஆக, எங்கள் டிரைவ்வேயில் நின்ற காரின் முன் சீட்டில் பாட்டி, டிரைவர் சீட்டில் நான், பின்னால் என் மகள். பேட்டரி இறங்கிவிடும் என்று கணவர் வாசலிலிருந்து கத்தியதால் எஞ்சினை ஓடவிட்டோம்.

முதல் பாட்டிலிருந்தே பாட்டி விரலால் முழங்காலில் தாளம் போட்டார். ஆன் மில்லர் பாடும் பாட்டு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய எம்.ஜி.எம். படங்களில் மின்னல் வேகத்தில் டாப் டான்ஸ் ஆடிய அதே ஆன் மில்லர், 75 வயதில், எத்தனையோ அடிபட்டும் நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்ற பாட்டைப் பாடுகிறார். குரல் சில இடத்தில் கரகரக்கிறது. என் மகளுக்கு அந்தக் கரகரப்பு பிடிக்கவில்லை என்று கண்ணாடியில் தெரிந்தது. பாட்டி கவனித்துவிட்டார்.

"அவங்களுக்கு அப்போ என்னைவிட ஒன்பது வயசு கம்மி" என்றார். மகள் வாயைத் திறக்கவில்லை.

நடுவில் ஒரு பாட்டுக்கு நிறுத்தச் சொன்னார். "இந்த இடத்தைத்தான் அவர் தப்பாப் பாடுவார்" என்று அந்தத் தப்பைப் பாடிக் காட்டினார். பிறகு திரும்பப் போடச் சொல்லி, சரியானதைக் கேட்டார். அப்புறம் மறுபடியும் தப்பாகவே பாடினார்.

முதல் சி.டி. முடிந்ததும் என்னிடம் கேட்டார்: "2001-ல பிராட்வேயில திரும்பப் போட்டாங்களே, பெலாஸ்கோ தியேட்டர்ல. அதுக்கும் போனோம். அதுவும் கிடைக்குமா?"

எனக்கு அதற்குள் இந்தப் பட்டியலெல்லாம் மனப்பாடம். அதை யாரும் பதிவு செய்யவில்லை, 117 முறை நடந்ததோடு சரி என்றேன்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. "பரவாயில்லை, அது அவருக்குப் பிடிக்கலை" என்றார். காபி வட்டம் போட்ட அந்தச் சின்னப் புத்தகத்தை மட்டும் பையில் வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும் என்று வீட்டுக்குப் போனார். இரண்டாவது சி.டி. அடுத்த சனிக்கிழமைக்கு என்று பேச்சு. காரை விற்கும் யோசனையைக் கணவர் தள்ளிப்போட்டிருக்கிறார்.