நேப்பிள்ஸில் அரை நாள்

வத்தலக்குண்டிலிருந்து மத்தியதரைக் கடலுக்கா என்று உறவினர் நகைத்தனர். கப்பல் என்னவோ மாளிகைதான்; ஆனால் ஆகாரம்! அம்மா ஏழு தினங்களையும் ரொட்டியும் பழமுமாய்க் கழித்தாள். ஊரிலிருந்து கொண்டுபோன வெற்றிலையும் வாடிப் போயிற்று. ரோமாபுரி என்று எங்களை இறக்கிவிட்ட சிவிடவெக்கியா துறைமுகத்துக்கும் அந்நகருக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டர்! போய் வருவதிலேயே பாதிப் பகல் தீர்ந்தது.

நேப்பிள்ஸில்தான் மனம் குளிர்ந்தது. கி.பி. 79-இல் வெஸூவியஸ் எரிமலை புதைத்த பாம்பேயி நகரில், 1938-இல் பாரத நாட்டுத் தந்தச் சிலை ஒன்று அகப்பட்டது. லக்ஷ்மி என்றார்கள், யக்ஷி என்போரும் உண்டு. நம் மிளகு ரோமாபுரிக்குப் போன காலத்தில் அவளும் கடல் கடந்திருக்கிறாள். பொருட்காட்சிசாலையில், கண்ணாடிக்குள், சாண் உயரத்தில் நின்றாள்.

"கை நிறைய வளை, காலிலே தண்டை, நம் ஊர்ப் பெண்ணேதான்" என்று அம்மா கை கூப்பினாள். கப்பல் புறப்படும் நேரம் நெருங்கிற்று. அவளை அங்கிருந்து கிளப்புவதற்குள் எங்களுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.