பொன்னுருவியை மறந்த திரை

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களில் கோடை பிறந்தால் பாரதம்தான். திரௌபதி அம்மன் கோயில் திடலில் பகலில் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, கடைசி நாளில் மண்ணால் செய்த துரியோதனனைச் சுற்றிப் படுகளம். அதற்கு முன்பு ஆடும் ‘கர்ண மோட்சம்’ என்னை ஒவ்வொரு முறையும் உலுக்கிவிடும். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து உட்காருபவர்களும் உண்டு. கர்ணன் சாவான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே விடியவிடிய விழித்திருக்கிறோம்.

அந்தக் கூத்தின் உயிர், கர்ணனுக்கும் அவன் மனைவி பொன்னுருவிக்கும் நடக்கும் தர்க்கம். தேரோட்டி வளர்த்தவன், குலம் தெரியாதவன் என்று கணவனை ஒதுக்கியே வாழ்ந்தவள் அவள். களத்துக்குப் புறப்படும் வேளையில் அவன் தன் பிறப்பைச் சொல்கிறான். அவள் பதறிப்போய், போகாதே என்று வழி மறிக்கிறாள். சபையில் பட்ட அவமானம் அவனுக்கு வீட்டிலும் காத்திருந்தது என்பதைத்தான் தாங்க முடிவதில்லை.

1964இல் பி.ஆர். பந்துலு எடுத்த ‘கர்ண’னில் பொன்னுருவி இல்லை. சிவாஜிக்கு மனைவியாக வருபவள் சுபாங்கி. தேவிகா நடித்த அன்பே உருவானவள். 2012இல் டிஜிட்டலில் மீண்டும் வெளியானபோதும் அழவைத்த படம் அது. ஆனாலும் அதில் கர்ணனுக்கு வீடு நிழலாகிவிட்டது. 2021இல் மாரி செல்வராஜ் அதே பெயரில் எடுத்த படத்தில் பிறப்பின் கேள்வியை ஒரு தென்மாவட்டக் கிராமத்தில் கோபத்தோடு எழுப்பினார். அடக்க வரும் போலீஸ் அதிகாரிக்குக் கண்ணபிரான் என்றே பெயர் வைத்தார். பெரிய துணிச்சல் அது. அங்கும் இழிவு வெளியிலிருந்துதான் வருகிறது.

திரைக்கு வீட்டுக்குள் நுழையத் தெரியாமலில்லை. அதே ஆண்டு மலையாளத்தில் திலீஷ் போத்தன் எடுத்த ‘ஜோஜி’, ‘மேக்பெத்’தின் அரண்மனையை ஒரு தோட்ட முதலாளியின் வீடாக்கியது. கொலைக்கான சம்மதம் அங்கே சமையலறையில் பிறக்கிறது. திடலில் தொலைவிலிருந்து பார்க்கும் முகத்தை அடுப்படிவரை போய்ப் பார்க்க கேமராவால் முடியும்.

அந்தப் பார்வை எங்கள் பகுதிக்கு வேண்டும். ஓசூரில் வேலை தேடி வந்தவர்கள் பல ஊர்க்காரர்கள், வாடகை பேசும்போதே “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வி வந்துவிடுகிறது. 2023இல் இதே மாவட்டத்தில், தலித் பெண்ணை மணந்த மகனைத் தந்தையே கொன்றதாக வழக்குப் பதிவானது. சாதி வீட்டுக்குள் உறங்கி எழுகிறது. கூத்து அதைப் பொன்னுருவியின் வாயால் ஊரறியச் சொல்லிவருகிறது. அடுத்த ‘கர்ண’னை எடுப்பவர் ரதங்களைக் குறைத்துக்கொள்ளட்டும், அவளுக்கு அரைமணி நேரமாவது கொடுக்கட்டும்.