ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடுவோர்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் கார்டு லைனில் விழுப்புரத்தைக் கடந்தபின் வரும் பெரிய சந்திப்பு விருத்தாசலம். இங்கிருந்து மேற்கே சேலத்திற்கு ஒரு பாதையும் கிழக்கே கடலூருக்கு ஒரு பாதையும் பிரிகின்றன. ஆகவே எந்நேரமும் மூட்டை முடிச்சுகளோடு மக்கள் வண்டி மாறிக்கொண்டிருக்கும் ஊர் இது. விருத்தாசலம் என்னும் வடசொல்லுக்குப் பழைய மலை என்று பொருள். முதுகுன்றம், பழமலை என்பன இதன் தமிழ்ப் பெயர்கள். மலையைத் தேடி வருபவர் ஏமாந்து போவார். கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் சமவெளிதான். திருவண்ணாமலைக்கும் முந்திய மலை இங்கே மண்ணுக்குள் அமிழ்ந்து கிடக்கிறது என்பார்கள் ஊரார். மண்ணுக்குள் இருப்பதன்மேல் இவ்வூராருக்கு எப்போதும் ஒரு நம்பிக்கை உண்டு.

ஊரை ஒட்டி மணிமுத்தாறு ஓடுகிறது. (ஓடுகிறது என்பது மழைக்காலத்துப் பேச்சு.) ஆற்றங்கரையில் பழமலைநாதர் கோயில். சைவப் பெருமக்கள் போற்றும் வரலாறு ஒன்று இந்த ஆற்றோடு தொடர்புடையது. சுந்தரர் இவ்வூரில் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். இறைவன் சொற்படி அதனை இந்த ஆற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது வரலாறு. 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்று நாம் கேலியாகச் சொல்லும் பழமொழிக்கு இதுவே மூலம் என்பர். அவ்வரலாற்றில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆற்றில் இடும் முன்னர் சுந்தரர் 'மச்சம்' வெட்டி வைத்துக்கொண்டார். அதாவது, பிற்பாடு மாற்றுப் பார்ப்பதற்காகப் பொன்னில் ஒரு சிறு துண்டைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அத்துண்டோடு ஒப்பிட்டு உரைத்தபோது மாற்றுக் குறைந்திருந்ததாம். முறையிட்டுப் பாடிய பிறகே சரியாயிற்றாம். பழமொழி சொல்வோர் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

இன்றைக்கு விருத்தாசலத்தின் பெயரை வெளியூரார் அறிவது பீங்கானால். நெய்வேலியில் 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கிச் சுரங்கம் வெட்டியபோது, பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணோடு வெண்களிமண்ணும் வெளிவந்தது. மண்ணுக்குள் இருப்பதன்மேல் நம்பிக்கை என்றேனே, அது வீண்போகவில்லை. அருகிலிருந்த விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை எழுந்தது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் அமைந்தது. மின்கம்பத்து இன்சுலேட்டர்கள், நம் வீட்டுச் சுவர்ப் பலகையில் இருந்த வெள்ளை ஃபியூஸ் கட்டைகள், பொம்மைகள், அகல்கள் எனப் பலவும் இங்கே உருவாயின.

ஒரு பட்டறையில் நெடுநேரம் நின்று பார்த்தேன். களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகிய கற்களின் பொடியைச் சேர்த்து அரைத்து, தண்ணீரைப் பிழிந்தெடுத்து, அச்சில் இட்டு உருவாக்கி, நிழலில் உலர்த்தி, மெருகுக் கரைசலில் தோய்த்து, பின்பு சூளையில் ஏற்றுகிறார்கள். 1,200 பாகைக்கு மேல் வெப்பம். உலர்வதிலும் வேவதிலுமாக உருப்படி நூற்றுக்குப் பத்துப் பங்கும் அதற்கு மேலும் சுருங்கிவிடும். ஆதலால் அச்சையே அந்த அளவு பெரிதாகச் செய்கிறார்கள். உலர்ந்த மண்ணில் கீறல் கண்டால் உடைத்துத் தண்ணீரில் கரைத்து மறுபடியும் களிமண்ணாக்கிக் கொள்ளலாம். சூளை கண்டபின் அது முடியாது. "வெந்தது வெந்ததுதான் சாமி" என்றார் அங்கிருந்த தொழிலாளி.

அவர் இருபத்தைந்து ஆண்டுகளாகச் சூளையில் வேலை செய்பவர். நம் பங்குக் குடும்பம் ஒன்றின் உறவினர். அவருடைய அழைப்பின் பேரில்தான் நான் அங்குச் சென்றிருந்தேன். வீடுகளில் ஃபியூஸ் கட்டைக்குப் பதிலாகத் தானே விழும் சுவிட்சுகள் வந்துவிட்டன. பொம்மைக்குப் போட்டியாகப் பிளாஸ்டிக் வந்துவிட்டது. வாரத்தில் எல்லா நாளும் வேலை கிடைப்பதில்லை. மூத்த மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டாண்டு வேலை பார்த்திருக்கிறாள். படிப்புக்கு வாங்கிய வங்கிக் கடன் பாதி நிற்கிறது. இப்போது ஒரு முகவர் வளைகுடாவில் வேலை என்று சொல்லி ஆறு இலட்சம் கேட்கிறார். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்பதே கேள்வி.

"நாலு பேர் அனுப்பியிருக்கிறார்கள் சாமி. நம் பிள்ளை மட்டும் இங்கே கிடந்து என்ன காணப்போகிறது?" என்றார் தாய்.

"நீ என்னம்மா சொல்கிறாய்?" என்று மகளைக் கேட்டேன்.

"போகலாம் என்றுதான் இருக்கிறேன் சாமி. ஆனால் எந்த மருத்துவமனை, எந்த வார்டு என்று கேட்டால் அவர் சொல்ல மாட்டேன் என்கிறார். அங்கே போனபின் தெரியும் என்கிறார்."

அந்த வீட்டில் மாற்று உரைத்துப் பார்க்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தியே என்று எனக்குப் பட்டது. அவள் கேட்டதைத்தான் நாமும் கேட்க வேண்டும்.

அயல்நாடு போவதே தவறு என்று பேசும் பெரியோர் சிலர் நம்மிடையே உண்டு. நான் அவர்களோடு சேரேன். 2015-இல் தமிழக அரசு மருத்துவமனைகளுக்குத் தேர்வு செய்யப்பெற்ற செவிலியர் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர் என்பதை நாம் மறக்கலாகாது. 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியர்க்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்றும், இருநூறு படுக்கைக்கு மேற்பட்டவற்றில் அரசு ஊதியத்திற்கு இணையாகத் தரவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர் தெருவிலிறங்கிப் போராடியபின், 2018-இல் அந்த அரசு குறைந்த ஊதியத்தை அறிவித்தது. மற்ற இடங்களில் பரிந்துரை பெரும்பாலும் தாளில் உறங்குகிறது. வேலைக்குச் சேரும்போதே மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் மருத்துவமனைகளை நான் அறிவேன். ஒரு பெண்ணுக்காக அப்படியோர் அலுவலகத்தில் மூன்று முறை காத்திருந்திருக்கிறேன். இப்படி நடத்திவிட்டு, 'நாட்டுக்குச் சேவை செய்யாமல் ஓடுகிறாளே' என்று கூறுவது நியாயமா?

அயல்நாடுகளுக்கோ ஆள் வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ 58 இலட்சம் செவிலியர் பற்றாக்குறை. செவிலியருள் ஏழு பேருக்கு ஒருவர் தாம் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் பணிபுரிகின்றனர்.

எனினும், தேவை உள்ளபோது அழைப்பவர் தேவை தீர்ந்தால் என்ன செய்வார் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1960-களில் மேற்கு ஜெர்மனியின் கத்தோலிக்க மருத்துவமனைகளுக்குக் கேரளத்துக் குருக்களின் வழியாக நூற்றுக்கணக்கில் இளம்பெண்கள் சென்றனர். பள்ளி முடித்த வயது. கம்பளி ஆடையைக் கண்டிராதவர்கள். அங்கேயே மொழியும் தொழிலும் கற்றார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் தங்கைகள் கரையேறினர், ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. 1970-களின் பிற்பகுதியில் அந்நாட்டின் சில மாநிலங்கள் அவர்களது அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தபோது பலர் திரும்ப நேர்ந்தது. மணமுடித்து உடன்சென்ற கணவர்களோ வேலை செய்ய அனுமதியின்றி ஆண்டுக்கணக்கில் வீட்டிலிருந்தனர். அண்மையிலும் கண்டோம்: இங்கிலாந்து, பராமரிப்புப் பணியாளர் விசாவை நம்பிப் பலரும் கடன் வாங்கிச் சென்றுகொண்டிருந்தபோதே, 2025 ஜூலை 22 முதல் அவ்வழியில் புதிதாக அயல்நாட்டாரை எடுப்பதை நிறுத்திவிட்டது. செவிலியர் பட்டம் பெற்றவள் பராமரிப்புப் பணியாளராகப் போவது வேறு. செவிலியராகவே போவது வேறு. விசாவில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் விமானம் ஏறியவர்களின் துயரம் சொல்லி முடியாது.

கடனைப் பற்றியும் ஒரு நிகழ்ச்சி சொல்ல வேண்டும். 2014-ஆம் ஆண்டு ஈராக்கின் திக்ரித் நகரில் போர் மூண்டு 46 இந்தியச் செவிலியர் மருத்துவமனைக்குள் சிக்கிக்கொண்டனர். பெரும்பாலோர் கேரளத்தவர்; ஒருவர் நம் தூத்துக்குடிப் பகுதியைச் சேர்ந்தவர். பின்னர் மோசுல் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு விடுவிக்கப்பெற்று, ஜூலை 5-ஆம் நாள் கொச்சியில் வந்து இறங்கினார்கள். நாடே அவர்களுக்காக மன்றாடியது. ஆனால் தொடக்கத்தில் அவர்களுள் சிலர் ஊர் திரும்பவே தயங்கினார்கள் என்பதைச் செய்தித்தாள் படித்தவர்கள் அறிவார்கள். மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. ஊரில் கடன் நிற்கிறது. வெறுங்கையோடு எப்படித் திரும்புவது? குண்டு விழும் ஊரிலிருந்தும் ஒரு பெண்ணை நகரவிடாமல் கட்டிப்போடும் கயிறு எது என்று பாருங்கள்!

ஆகவே விருத்தாசலத்து வீட்டில் நான் முதலில் பேசியது அந்த ஆறு இலட்சத்தைப் பற்றித்தான். அயல்நாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முகவர், 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கத் தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும். கொச்சியில் ஒரு நிறுவனம் 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஆளுக்குப் பத்தொன்பதரை இலட்சம் வாங்கியது என்று 2015-இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கே தொடுத்தது. வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியர் அரசு நிறுவனங்கள் வழியாகவே செல்ல வேண்டும் என்று அவ்வாண்டிலேயே மத்திய அரசு விதித்தது. நம் மாநிலத்திலும் 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அது அரசின் நிறுவனம்; செவிலியர்க்கு அறிவிப்புகள் வெளியிடுகிறது. இந்த வீட்டார் அதன் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. முகவரின் பெயரோ தெரு முழுவதும் தெரிந்திருந்தது!

தந்தையார் வெகுநேரம் பேசாமலிருந்தார். "அப்படியானால் பத்திரம் வேண்டாம் என்கிறீர்களா சாமி?" என்றார்.

"கடனைச் சூளைக்கு முன்னால் பாருங்கள் என்கிறேன்" என்றேன். அவர் தொழில் அவருக்குத் தெரியாதா? சிரித்துவிட்டார்.

அன்று மாலை மகளும் தாயும் என்னோடு கோணான்குப்பம் வந்தார்கள். முகாசபரூர் அருகிலுள்ள அச்சிற்றூரில் வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி அன்னையின் ஆலயம் இருக்கிறது. விருத்தாசலம் கோயிலில் அம்மனுக்கு வழங்கும் பெயரும் பெரியநாயகி என்பதே. முனிவர் இவ்வூர் மக்களின் நாவில் ஏற்கெனவே இருந்த சொல்லால் அன்னையை அழைத்தார். 1680-இல் இத்தாலியின் காஸ்திகிலியோனேயில் பிறந்து, 1710-இல் கோவா வந்து, பின்னர்த் தமிழகம் சேர்ந்தவர் அவர். முப்பது வயதில் எழுத்துக் கூட்டத் தொடங்கியவர் 1732-இல் நமக்கே அகராதி தொகுத்துத் தந்தார். நம் பெண்பிள்ளைகள் இன்று செய்யப் புறப்படுவதை அவர் எதிர்த் திசையில் செய்தார்.

ஆலயத் திண்ணையில் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவளுடைய தோழி ஒருத்தி ஜெர்மன் மொழி படிக்கிறாளாம். அங்கே முழுச் செவிலியராக ஏற்கப்பெற 'பி-2' என்னும் நிலைவரை மொழி தேற வேண்டும். நம் பட்டத்தை அந்நாட்டு அலுவலகம் ஆராய்ந்து, குறையிருந்தால் பயிற்சியோ தேர்வோ வைக்கும். அதுவரை உதவியாளர் பணிதான். இங்கிலாந்திலும் ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, அங்குச் சென்றபின் செய்முறைத் தேர்வு என்று மூன்று படிகள். இவற்றுக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு பிடிக்கும். முகவர் சொல்வதோ இரண்டு மாதம். பொறுமை இல்லாத குடும்பங்களைத்தான் அவர் தேடி வருகிறார்.

இன்னொன்றையும் அவளுக்குச் சொன்னேன். நம் மருத்துவமனைகளில் நோயாளியைக் குளிப்பாட்டுவதும் சோறூட்டுவதும் துணி மாற்றுவதும் பெரும்பாலும் உறவினர் வேலை. ஊசியும் மருந்தும் செவிலியர் வேலை. ஜெர்மனியில் உறவினர் பார்வை நேரத்தில் வந்து போவார். குளிப்பாட்டுவது முதல் எல்லாம் செவிலியர் கையில். பட்டம் படித்துவிட்டு இதையா செய்வது என்று அங்கே போய் அழுத பெண்கள் உண்டு.

"வார்டில் யாரும் இல்லாத கிழவிகளுக்கு நான்தான் சாமி தலை சீவிவிடுவேன்" என்றாள் அவள்.

தாய்க்கு அது புதுச்செய்தி. மகளைத் திரும்பிப் பார்த்தார்.

பெண்ணுக்கு மணம் பேசும் வீடுகளிலும் இக்கேள்வி வருகிறது. நர்ஸ் பெண்தான் வேண்டும் என்று கேட்டு வரும் மாப்பிள்ளை வீட்டார் பெருகியிருக்கிறார்கள். நாட்டையும் அவர்களே குறிப்பிடுகிறார்கள். குழந்தை பிறந்தால் யாரிடம் வளரும், கணவனுக்கு அங்கே என்ன வேலை, எத்தனை ஆண்டுக்குப் பின் ஒன்றாக இருப்பீர்கள் என்று நான் கேட்டால், அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதே விடை. பெற்றோரே, உங்கள் மகளிடம் நீங்கள் கேட்டீர்களா?

வெளிநாடு செல்வோர் கடவுச்சீட்டை மந்திரித்துத் தரக் கேட்டு வருவது இப்போது நம் பங்குகளில் வழக்கமாகிவிட்டது. மகிழ்ச்சியோடு செய்கிறேன். அதனோடு வேலை ஒப்பந்தத்தையும் கொண்டு வாருங்கள். மருத்துவமனையின் பெயர், பணியின் பெயர், சம்பளம், வேலை நேரம், ஊர் திரும்பும் பயணச்செலவு யாருடையது என்று ஒவ்வொரு வரியாக முதலில் சேர்ந்து படிப்போம். அதன் படி ஒன்றை வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகட்டும். கடவுச்சீட்டைப் பிறகு மந்திரிப்போம்.